காற்றில்லாமல் ஆடிய கம்பம்

மார்ச் 3

அண்ணன் வேலையை விட்டுவிட்டு மொட்டைமாடியில் நட்ட கம்பத்தை இன்று அளந்தேன். இறக்கை இல்லாத காற்றாலை. காற்று இருபுறமும் மாறி மாறி உரசிப் போக, கம்பம் ஆடும். அடியிலுள்ள காந்தமும் சுருளும் அந்த ஆட்டத்தைக் கரண்டாக்கும். மீட்டர் எகிறியது. அண்ணன் முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை வீடு கட்டும் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். பிடித்துப்போனால் அவர்கள் கட்டும் எல்லா வீட்டு மாடியிலும் இதுதான். அளந்து பார்த்து, இது தேறுமா தேறாதா என்று அவர்களுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான். தங்கச்சி என்று சலுகை எதிர்பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொல்வது சுலபம்.

மார்ச் 4

மதியம் ஓர் இலை அசையவில்லை. கம்பம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அதுவும் அதே தாளத்தில் அதிர்ந்தது. கீழ்த்தளத்தில் அச்சகம். பெரிய மிஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு அதை நிறுத்தினார்கள். கம்பமும் நின்றுவிட்டது.

அச்சக மிஷினின் அதிர்வில் வந்த கரண்டைத்தான் நாங்கள் காற்றுக் கரண்டு என்று அளந்திருக்கிறோம்.

மார்ச் 5

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மீட்டரை ஒருமுறை தட்டிப் பார்த்தான். பிறகு, "நாளைக்கு அச்சகம் ஓடும்ல?" என்றான்.

இப்படிப் பேசுகிற ஆளா இவன்? டீ கொண்டுவந்த அண்ணி எங்கள் முகங்களைப் பார்த்தார். டம்ளர்களை வைத்துவிட்டு உடனே கீழே போனார்.

"நான் சொல்லத்தான் போறேண்ணா."

"சொல்லு. அதுக்கப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வராதே."

மார்ச் 6, காலை

சொல்லணும். சொல்லாம விட்டா அத்தனை மாடியிலயும் கம்பம் சும்மா நிக்கும். அப்ப இவன் பேரு என்னாகும்?

மார்ச் 6, மாலை

வந்தவர்கள் மீட்டரைப் பார்த்து அசந்துபோனார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அண்ணன் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டான். நழுவுகிறான் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே மிஷின் சத்தம் அடங்கியது. மீட்டர் முள்ளும் சரிந்தது. காற்று என்னவோ நன்றாகத்தான் அடித்தது. ஆனால் இந்தக் கம்பத்துக்கு அது ஒரே வேகத்தில் சீராக வர வேண்டும். மாடியில் எங்கே அப்படி வருகிறது?

மூச்சிரைக்க ஏறி வந்தவன், "இதுதாங்க நிஜம்," என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மார்ச் 8

அண்ணன் என் போனை எடுக்கவில்லை.

மார்ச் 9

ஞாயிறு. அச்சகம் விடுமுறை. மீட்டரை எடுத்துக்கொண்டு வா என்று அண்ணனிடமிருந்து போன். கம்பத்தடியில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். வந்தது. முள் மெல்ல எழுந்து படுத்தது. ஒரு சின்ன பல்பு எரியலாம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணா."

"சரி. ரிப்போர்ட்ல அதையே எழுது."