களாச் செடியும் கமிட்டியும்

பிப்ரவரி 9, ஞாயிறு

களா பூத்துவிட்டது! இந்தச் செம்பூர் கட்டடத்தில் முப்பத்தொரு வருஷம் மூன்றாம் மாடியில் கிடந்துவிட்டு, தரைத்தளத்துக்கு வந்தபின் நானே நட்ட முதல் செடி. என்ன வாசனை! முதல் கிண்ணம் பூ குருவாயூரப்பனுக்கு. "ஏண்டி அபயம், முள்ளுக்கு இத்தனை உபசாரமா?" என்கிறார் இவர். கட்டிக்கொண்டவருக்கு ரசனை என்று ஒன்று இருந்தால்தானே.

பிப்ரவரி 23

சொசைட்டி செக்ரட்டரி சாவந்த் வந்தார். குழந்தைகளின் சட்டை கிழிகிறதாம். செடியை வெட்டிவிட்டு அங்கே ஸ்கூட்டர் நிறுத்தப் போகிறார்களாம். விடுவேனா? "மே மாசம் பாருங்கோ, வீட்டுக்கு வீடு ஊறுகாய்" என்று அளந்துவிட்டேன். காய்த்தால் இருக்கட்டும், இல்லையென்றால் மே முப்பத்தொன்றில் வெட்டு என்று சொல்லிப் போனார். எனக்கு வாய்க்கொழுப்பு.

மார்ச் 16

ஒரு பிஞ்சுகூட இல்லை. பயமாக இருக்கிறது. இன்று முதல் சுவாமிக்கு இரண்டு கிண்ணம்.

ஏப்ரல் 14

விஷு. கைக்கு எட்டிய பூவையெல்லாம் பறித்து, விடிந்ததும் முதலில் கண் திறந்து பார்க்கிற கணித் தட்டில் வைத்து, ஒரே ஒரு காய் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 15

பொறுமை போயிற்று. குர்லாவுக்கு ஆட்டோவில் போய், செடி விற்ற உதுமானைப் பிடித்துக்கொண்டேன். "காய்க்காத செடியை என் தலையில கட்டிட்டியே, நன்னாருக்கா?"

பூக்கிறதா என்று கேட்டான்.

"பூக்காம என்ன? தினம் ரெண்டு கிண்ணம் பறிக்கறேன்!"

சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. "மாமி, பூவப் பூரா சாமிக்குக் குடுத்துட்டா காய் எங்கயிருந்து வரும்?"

நான் எம்.ஏ. படித்தவள்! இவரிடம் மூச்சு விடவில்லை. குருவாயூரப்பா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மே 4

செடியின் நடுவே, முள்ளுக்குப் பயந்து நான் கையை நுழைக்காத இடத்தில் — பதினேழு காய்! அழுதேவிட்டேன்.

மே 31

சாவந்த், கமிட்டி, வெட்டுகிற ஆள், எல்லாரும் வந்தார்கள். சாவந்த் கறுத்த பழம் ஒன்றை வாயில் போட்டார். "அரே, கர்வந்த்!" என்று கண்ணை மூடிக்கொண்டார். கொங்கண்காரர்; களாவுக்கு அவர் ஊரில் அதுதான் பேராம். மிச்சம் பதினாறையும் கமிட்டியே தின்றது. ஸ்கூட்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எனக்கு ஒன்றுகூட இல்லை. போகட்டும், செடி பிழைத்ததே.

ஜூன் 8

செடியைச் சுற்றிக் கம்பிவேலி. 'சொசைட்டி சொத்து' என்று பலகை. வேலிக்குள் கையை நுழைத்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினேன். வாட்ச்மேன் ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, ஹாத் மத் லகாவோ. சாவந்த் சாப் கா பேட் ஹை."

தொடக் கூடாதாம், அது சாவந்த் சாப் செடியாம். கையை எடுத்துக்கொண்டேன்.