ஒட்டிய பெயர்

அன்புள்ள அண்ணா,

ஷில்லாங்கில் ஒரே ஒருவராவது நீ செய்த கிதார் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், குவாஹாத்தி வேலையை விட்டுவிட்டு மறுபடி கிதார் செய்ய வருவேன் என்றாயே. அதனால், நீ யாருக்கும் காட்டாமல் வைத்துப்போன பேஸ் கிதாரின் தலையில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயரை ஒட்டி, தேவாலய ஒத்திகைக்குக் கொண்டுபோனேன்.

உன் பழைய கிதாரைத் தகர டப்பா என்றாரே, அதே கிட்போக் அண்ணன்தான் வாசித்தார். வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். "அடேயப்பா, நெஞ்சுக்கூடே அதிருது! இதெல்லாம் நம்ம ஊர்ப் பசங்க கையில வருமா?"

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பெயரை உரித்தேன். "இது எங்க அண்ணன் செஞ்சது!"

அவர் தடித்த கம்பியை மறுபடி தட்டினார். "அதானே பார்த்தேன். தடிச்ச கம்பி கொஞ்சம் மந்தமா கேட்டுச்சு. பேரைப் பார்த்துட்டு என் காதுதான் கோளாறுன்னு நெனச்சேன், பாப்பா."

அவர் பொய் சொல்லவில்லை, அண்ணா. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், உண்மையாகவே அவருக்கு அப்படிக் கேட்டது. கம்பிக்குப் பெயர் தெரியாது என்று வாதாட நினைத்து நானும் தட்டிப் பார்த்தேன்.

எனக்கும் மந்தமாகத்தான் கேட்டது.

உன் தங்கை