ராணி பையும் புளித் தண்ணீரும்

ஜனவரி 4

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் முப்பது வருஷம் லாரி ஓட்டி, காஷ்மீர் வரை பார்த்த கண் இது. அழகம்மாள் இதைப் படித்தால் நாக்பூர் என்று திருத்துவாள். பெண்டாட்டி என்றால் அப்படித்தான்.

இன்று காளவாசலில், முத்துப்பாண்டியின் பழைய சாமான் கடையில், ஓடாத மிக்சிகளுக்கு அடியிலிருந்து ஒரு கைப்பையை உருவினேன். உள்ளங்கை அகலம். துணியே தெரியாமல் முழுக்கப் பாசிமணி கோத்தது. கடுகு அளவில் வெள்ளைப் பாசி, நடுநடுவே சிவப்புப் பூ. வாயில் கறுத்துப்போன உலோகச் சட்டம், மேலே இரண்டு குமிழ். மூடினால் ‘டக்’! அந்தச் சத்தத்துக்கே ஆயிரம் தரலாம்.

"நானூறு குடுங்கண்ணே."

"சட்டம் கரியாக் கெடக்கு, இதுக்கு நானூறா மாப்ள?"

இருநூற்றைம்பதுக்கு முடித்தேன். பழங்காநத்தம் வந்து சேரும்வரை பஸ்ஸில் ‘டக்’ ‘டக்’ என்று மூடித் திறந்துகொண்டே வந்தேன். பக்கத்து இருக்கை அம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

ஜனவரி 5

தங்கச்சி செல்லத்தாயின் மகள் ஆர்த்திகாவுக்கு அடுத்த மாதம் இரண்டாம் தேதி திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். நான்தான் தாய்மாமன். பழைய பொருள் என்றால் அவளுக்கு உயிர். "சீர்த்தட்டுல நீங்களாத் தேடிப் புடிச்ச பழைய பொருள் ஒண்ணு வைங்க மாமா. ரிசப்ஷன்ல அதைத்தான் கையில வச்சிருப்பேன்" என்று நிச்சயதார்த்தத்தன்றே கேட்டிருந்தாள்.

போன் போட்டேன். ஜமீன் வீட்டு அம்மா வைத்திருந்த பை, சட்டம் முழுக்க வெள்ளி என்றேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தர் காலேஜில் பாடம் சொன்னவராம், வீடு நிறையப் பழைய பொருள் சேர்த்து வைத்திருக்கிறாராம். "பொய்னா பாத்ததுமே சொல்லிருவாங்க மாமா. சத்தியமா ஜமீனா?"

"சத்தியமா ஜமீன்தான் தாயி."

ஜனவரி 7

ஜமீன் இல்லை, ராணி. நானே யோசித்துக் கண்டுபிடித்து, ஆர்த்திகாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

அழகம்மாள்: "முந்தாநாள் ஜமீன், இன்னைக்கு ராணி. பொங்கலுக்குள்ள மீனாச்சியம்மனே வச்சிருந்ததா ஆயிரும்."

ஜனவரி 11

ராணியின் பை கறுப்பாக இருக்கலாமா? குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். பாசியையும் புளித் தண்ணீரில் முக்கி அலசினேன். சட்டம் தகதகவென்று மஞ்சளாக மின்னுகிறது. வெள்ளி என்று நினைத்தேன், தங்கம் போலிருக்கிறது!

ஜனவரி 18

பையின் விலையை எழுதி வாங்கிச் சீர்த்தட்டில் வைத்தால் காலேஜ் அத்தை வாய் திறக்க மாட்டார் என்று, பழைய நகை, பை, ஊக்கெல்லாம் வாங்கி விற்கும் பத்மாசினியிடம் போனேன். சௌராஷ்டிரா வீட்டுப் பெண், மாடியில் சின்னக் கடை. பையை எடுத்த எடுப்பில் கேட்டாள்: "யாருண்ணே இதைத் தேச்சது?"

"நான்தாம்மா. எம்புட்டு அழுக்கு தெரியுமா?"

கண்ணை மூடிக்கொண்டாள். "அது அழுக்கு இல்லண்ணே. பித்தளை மேல வெள்ளி முலாம். கறுத்தாலும் அதுக்குத்தான் விலை. மொத்தத்தையும் சொரண்டி எடுத்துட்டீங்க."

பாசியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தால் கண்ணாடி, இல்லாவிட்டால் பிளாஸ்டிக்காம். கண்ணாடிதான். பிறகு பையைத் திறந்து உள்ளே காட்டினாள். ஜிப்! "ராணி ஜிப் வச்சுப் போட்டாங்களா?" அறுபது வருஷப் பை என்றாள். யாரோ வீட்டில் உட்கார்ந்து கையால் கோத்தது. ஒரு சிவப்புப் பூவில் ஒரே ஒரு பாசி பச்சை. "இதாண்ணே சாட்சி. மெஷின் இந்தத் தப்பைப் பண்ணாது." தேய்க்காமல் இருந்தால் எட்டாயிரம், இப்போது ஆயிரத்தைந்நூறு.

கீழே வைக்கும்போது சடசடவென்று பாசி கொட்டியது. நனைந்த நூல் இற்றுவிட்டதாம். இரண்டு பேரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம்.

ஜனவரி 19

ஆர்த்திகாகிட்ட எப்படிச் சொல்ல? அவ ஊரு பூரா ராணி ராணின்னு சொல்லி வச்சிருக்காளே — நானாடா சொல்லச் சொன்னேன்? ஆமா, நான்தான்.

ஜனவரி 20

போனில் சொல்லிவிட்டேன். ஜமீன் இல்லை, ராணி இல்லை, வெள்ளி இல்லை, புளி போட்டது நான். லாரி பிரேக் பிடிக்காமல் கணவாயில் இறங்கியபோதுகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

"அத்தைட்ட ராணின்னு சொல்லிட்டேனே மாமா."

"வேற பை வாங்கித் தாரேன் தாயி. புதுசு."

"புதுசு யாருக்கு வேணும்? கொட்டுனதை யாரு கோக்குறது?"

"தார்ப்பாய் தச்ச கையி இது. ஒரு நாள் வேலை!"

ஜனவரி 21

ஒரு நாள் வேலை இல்லை.

ஜனவரி 29

எட்டு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு பாசி. ஊசி தலைமுடி போல. பத்மாசினி ஒரு வரிசை காட்டிக் கொடுத்தாள், மீதி என் மூளை. அழகம்மாள் தினமும் நூல் கோத்துத் தந்து, "லாரி காஷ்மீர் போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். இன்று சேர்ந்தது. ‘டக்’!

பிப்ரவரி 3

நேற்றுக் கல்யாணம். மதுரையே திரண்டது. சரி, முந்நூறு பேர்.

ரிசப்ஷனில் ஆர்த்திகா கையில் என் பை. காலேஜ் அத்தை மேடையேறி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, "இதுதான் அந்த ராணி பையா?" என்றார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நானே முன்னால் வந்தேன். அதற்குள் அவள் முந்திவிட்டாள்.

"ஆமா அத்தை. அந்த ராணிக்கு லாரி ஓட்டுனது எங்க மாமாதான்."

அத்தை திறந்தார். ஜிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேடை குலுங்கச் சிரித்தார். பிறகு பையைத் திருப்பி, என் வரிசை மேல் விரல் வைத்து, "இங்க புதுசாக் கோத்திருக்கே. வெள்ளையில ஒரு சிவப்பு மாறி வந்திருக்கு" என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"மெஷின் இந்தத் தப்பைப் பண்ணாதும்மா" என்றேன்.

"பண்ணாது. இதை யாருக்கும் குடுத்துறாதம்மா" என்று ஆர்த்திகா கையிலேயே அதைத் திரும்ப வைத்து மூடினார். ‘டக்.’

இறங்கும்போது அழகம்மாள் என் காதோரம் கேட்டாள்: "ஏங்க, ராணிக்கு எதுக்கு லாரி?"

"யானைக்குத் தீவனம் ஏத்தணும்ல."

"எத்தனை யானை?"

இத்தனை வருஷத்தில் என் கதையை அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.