உப்பு மாவு மாமா

அக்கா,

இன்று காலை அலோர் ஸ்டாரில் மகன் வீட்டில் சத்தம் போட்டுவிட்டேன். மருமகள் பிள்ளைகளை உட்கார வைத்து, கோதுமை மாவில் உப்பைக் கொட்டிப் பிசைந்து பொம்மை செய்துகொண்டிருந்தாள். ஆமை, பூ, என்னென்னவோ. சின்னது ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தது. "துப்பு! துப்பு!" என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை விறைத்துப் போய்விட்டது. "என்ன நீங்க, விளையாட்டு மாவுதான்லா, ஒண்ணும் செய்யாது" என்றாள் மருமகள். அவளுக்கு என்ன தெரியும்? வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நீ போன பிறகு இதைப் பேச எனக்கு ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். உன் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றிப் போய்ப் பல மாதங்கள். போன ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. அடுத்த வீட்டில் தனிக்கட்டையாகக் கிடந்த எனக்குக் காலில் ஆறாத புண். தோட்டத்து இளவட்டங்கள் எல்லாம் காட்டுக்கு ஓடினார்கள். எனக்கு நடக்கவே முடியவில்லை. நீதான் என்னை இழுத்து வந்து உன் அடுப்படிப் பரணில், விறகுக்குப் பின்னால் ஏற்றினாய்.

"ஆம்பளையப் பறிகொடுத்த வீட்டுல எவன் தம்பி ஆம்பளையத் தேடப் போறான்?"

"மாட்டிக்கிட்டா உங்களையும் கொன்னுடுவாங்கக்கா. புள்ளைங்க இருக்கு."

"அவரு லோரி ஏறினப்ப மரம் மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன். இன்னொருக்கா அப்படி நிக்க என்னால ஆகாது. வாய மூடிக்கிட்டு ஏறு."

பிள்ளைகள்தான் பெரிய தலைவலி. மணியத்துக்கு ஆறு வயது, பாக்கியத்துக்கு நாலு. வெளியே விட்டால் 'எங்க வீட்டுப் பரண்ல மாமா இருக்காரு' என்று லயத்து வீடுகள் முழுக்கத் தமுக்கு அடித்துவிடும். வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் அழும். அதற்குத்தான் நீ அந்த மாவைக் கண்டுபிடித்தாய். பூசணம் பிடித்து வீணான மரவள்ளி மாவு. கொதிநீர் விட்டுக் கிளறினால்தான் கையில் பிடிக்கும். அதில் உப்பை வேறு அள்ளிப் போட்டாய். தஞ்சோங் டாவாயில் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த அழுக்கு உப்பு, கிழங்கு கொடுத்து வாங்கியது. கஞ்சிக்குக் கிள்ளிப் போடுகிற உப்பு அப்படிப் போவதைப் பார்த்து மேலே எனக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று விறகு இடுக்கில் கிசுகிசுத்தேன்.

"பசிச்ச புள்ளைங்க தம்பி, மாவக் கண்டா முழுங்கிடும். அந்தப் பூசண மாவு வயித்துல போனா பேதிதான். உப்பு கரிச்சாத்தான் துப்பும்."

நீ சொன்னது சரி. பாவம், இரண்டும் ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் வாயில் வைக்கவில்லை. மணியம் எப்போதும் லோரிதான் செய்வான். பாக்கியம் ஆள் செய்வாள். உருண்டைத் தலை, கண்ணுக்குக் கரித்தூள். இரண்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்த நிம்மதியில் நானும் நீயும் ஏமாந்துபோனோம்.

ஒருநாள் முற்பகல் லயத்து நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைத்தன. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரும் ஒரு ஜப்பான் சிப்பாயும் வீடு வீடாக வந்தார்கள். மண்டோர் நம் ஆள்தான். ஆனால் ஆள் காட்டிக் கொடுத்து அரிசி வாங்கித் தின்ற மனுஷன்.

"இங்க ஏதுய்யா ஆம்பள? நீங்கதானே ஏத்தி விட்டீங்க" என்றாய்.

மண்டோர் வெளியே போகத் திரும்பினார். சிப்பாய் திரும்பவில்லை. அவன் பொம்மைகளைப் பார்த்துவிட்டான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாக்கியத்தின் முன் குந்தி உட்கார்ந்து சிரித்தான். அவன் ஊரிலும் பிள்ளைகள் இருந்திருக்கும். பாக்கியம் ஒரு பிஸ்கட் டின்னைச் சாய்த்து வைத்து வீடு கட்டியிருந்தாள். அவன் ஒவ்வொரு பொம்மையாக விரலால் தொட, அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "அம்மா. அண்ணன். இது நானு."

விரல் டின்னின் மேலே போனது. அங்கே ஒரு பொம்மை குப்புறப் படுத்திருந்தது. அதன் ஒரு காலில் கிழிந்த துணி சுற்றியிருந்தது, என் கால் புண்ணுக்குக் கட்டிய மாதிரியே. பரண் பலகை இடுக்கில் அதைப் பார்த்தேன், அக்கா. செத்தோம் என்று நினைத்தேன்.

நீ எட்டி அதை எடுத்தாய். வாயில் போட்டு மென்றாய்.

"அம்மா மாமாவத் தின்னுட்டா!" என்று வீறிட்டாள் பாக்கியம்.

மண்டோர் நின்றார். "எந்த மாமா?" அவர் பார்வை மெல்லக் கூரைப் பக்கம் ஏறியது.

"உங்களத்தாய்யா சொல்லுது" என்றாய், வாய் நிறைய மாவோடு. "மாமான்னு கூப்புடச் சொல்லிக் குடுத்திருக்கேன். எங்களுக்கெல்லாம் மேல நீங்கதானே, அதான் மேல வச்சு வெளையாடுது. பசி தாங்கலய்யா, தின்னுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

என்ன என்று சிப்பாய் அதட்டினான். மண்டோர் அரைகுறை மலாயில் சொன்னார்; அது போதாமல் தன் நெஞ்சைத் தொட்டு, உன் வாயைக் காட்டினார். சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மண்டோரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே வெளியேறினான். மண்டோர் சுண்டிய முகத்தோடு பின்னால் ஓடினார், அப்புறம் மேலே பார்க்கவே இல்லை.

"துப்புங்கக்கா" என்று மேலிருந்து கிசுகிசுத்தேன். கையைக் காட்டி என்னை அடக்கினாய். அவர்கள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. துணியோடு விழுங்கினாய். அன்று பொழுது சாயும்வரை குழாயடியில் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தாய். பாக்கியமோ உன் கையால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று ஓடினாள். அந்த நாளிலிருந்துதான் என் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்தது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர் வரவில்லை. பேதியில் போய்விட்டார் என்று வந்தவன் ஒருவன் சொன்னான். உயிரோடு உன் எதிரில் நிற்க எனக்குக் கூசியது. "என்னடா தலையத் தொங்கப் போடுற? நீயும் போயிருந்தா அவரு வந்திருப்பாரா? போயி தண்ணி எடுத்தா" என்று விரட்டினாய். விரட்டிவிட்டு அழுதாய்.

போன மாதம் சிடாம் கிரியில் பாக்கியம் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி யார் போடுவது என்று பெரியவர்கள் கேட்டார்கள். உனக்கு இந்த மண்ணில் கூடப் பிறந்தவர் யாருமில்லை. பாக்கியம் என் கையைப் பிடித்து உன் பக்கத்தில் நிறுத்தினாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. சேலையைப் போர்த்தினேன்.

அப்புறம் வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். எத்தனையோ பேருக்குப் போட்ட கை. அரிசியை எடுத்துவிட்டு உன் உதட்டருகில் அப்படியே நின்றுவிட்டேன். "போடுங்க, நேரமாகுது" என்றார்கள். அந்த வாய் அன்று என்னை விழுங்கியதால்தான், அக்கா, அதற்கு அரிசி போட நான் இருந்தேன்.