பால் காய்ச்சாத அரண்மனை

அடேய்,

இன்று காலை கடையில் ஒரு பழைய சோபாவின் கைப்பிடிக்குத் தேன்மெழுகு தேய்க்க உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்ததுமே உன் இத்தாலி வீட்டு வாசனை. வெளியே நம்ம பார்சிப்பனி ஊரில் பனி கொட்டுகிறது, நான் அந்த வீட்டு மாடிப்படியில் நிற்கிறேன்.

நீ பெரிய இதய டாக்டர். நான் எட்டாவது தாண்டாத சோபாக் கடைக்காரன். இத்தாலியில் பழங்காலத்து அரண்மனை ஒன்றை வாங்கிவிட்டு, உள்ளே என்ன போடுவது என்று நியூ ஜெர்சி முழுக்க விசாரித்து, கடைசியில் என்னிடம்தான் வந்தாய். "வேற எவனும் சும்மா வர மாட்டீங்கறான்டா" என்றாய். அது உன் அடக்கம். என் கைராசி உனக்குத் தெரியும்.

சாப்பாட்டு அறைச் சுவருக்குக் காஞ்சிபுரம் பட்டு ஒட்டச் சொன்னது யார்? நான்! கூரை ஓவியத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த இத்தாலியம்மா அதைப் பார்க்கச் சாரத்திலிருந்து இறங்கி வந்து கண் கலங்கினாள். நீ, "தூசிடா" என்றாய். படுக்கையறைக் கூரையில் கரி போகப்போக நீல வானம் வெளியே வந்தது. முன்னூறு தேவதைகள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். நீ அண்ணாந்து எண்ணிவிட்டு, "பதினோரு பேருடா. அதுலயும் ஒண்ணு ஆடு" என்றாய்.

அந்த வானத்துக்குக் கீழே ஒரு ராத்திரி தூங்க வேண்டும். உன் ஆசை அவ்வளவுதான். அதற்காகவே வால்நட் மரத்தில் அந்தக் கட்டிலைச் செய்ய வைத்தேன், எந்த ராஜாவுக்கும் வாய்த்திருக்காது. ஆனால் போகும்போதெல்லாம் தெருமுனை லாட்ஜில்தான் படுத்தோம்.

"கதவு இருக்குது, அடுப்பு இருக்குது. பாலைக் காய்ச்சிட்டு உள்ள படுடா" என்பேன்.

"சாரம் நிக்கற வீட்டுல பால் காய்ச்சறது ஆகாது. பால் காய்ச்சாத வீட்டுல படுக்கறதும் ஆகாது."

எத்தனை படித்து என்ன, இதில் மட்டும் நீ அசையவில்லை. அங்கேயோ பழங்காலக் கட்டடத்தில் ஒரு கதவுக் கீலை மாற்றவும் அரசாங்க அனுமதி வேண்டும். வருஷங்கள் ஓடின.

வேலை முடிந்து சாரம் இறங்கிய படம் வந்தது ஒரு மார்கழியில். மூச்சிரைக்கக் கடைக்கு வந்து போனை நீட்டினாய். கண்ணாடிபோல் வானம்.

"இன்னைக்கே டிக்கெட் போடு" என்றேன்.

"மார்கழில எவன்டா பால் காய்ச்சுவான்? தை வரட்டும்."

தை வந்தது. நீ இல்லை.

உன் மனைவி, என் தங்கச்சி, ஒரு வருஷம் நல்ல காரியம் கூடாது என்று வீட்டைப் பூட்டியே வைத்தாள். வருஷம் முடிந்ததும், "அவரு படுக்காத வீட்டுல நான் பால் காய்ச்சி என்னங்ணா பண்றது?" என்று கட்டிலோடு விற்றுவிட்டாள். யாரோ ஒரு மனிதர் இப்போது அதில் மல்லாந்து படுத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. பிள்ளைகள் உன் அரண்மனைக் கதையைக் கேட்டார்கள். சொன்னேன். பால் பொங்கி வழிந்ததை, நீ சாவியை எல்லோருக்கும் ஆட்டிக் காட்டியதை, கட்டிலில் சாய்ந்து பேச்சுக்கு நடுவிலேயே தூங்கிப்போனதை.

"ஃபார் ரியல், அங்கிள்?" என்றது ஒன்று.

"பின்னே? பக்கத்து ரூம்ல நான்தான படுத்திருந்தேன். குறட்டையில ஜன்னல் ஆடுச்சு!"

திரும்பினால், பின்னால் தங்கச்சி, கையில் கேக் தட்டோடு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத் தூங்குனாருங்களாண்ணா?"

"விடியற வரைக்கும் அசையல, அம்மிணி."

"அப்பறம்?"

அப்புறத்தையும் சொன்னேன்.

இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே கேட்கிறாள். உன் வீட்டில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கதை ஒன்றுதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உன்னை இன்னும் கொஞ்ச நேரம் தூங்கவிடுகிறேன்.