தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணீர்

விழுப்புரம்,
வியாழன் காலை.

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அப்பா எழுதுகிறேன். புனேயில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே யாரும் நலமில்லை. போனில் பேசினால் பக்கத்தில் இருக்கும் உன் அத்தை சித்ராவின் காதில் விழும். அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் ஆண் குழந்தை பிறந்ததும், அன்றைக்கே ஆம்புலன்ஸில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து ஆபரேஷன் ஆனதும் உனக்குத் தெரியும். உணவுக்குழாய் பாதியில் நின்று, கீழ்ப்பாதி மூச்சுக்குழாயில் ஒட்டியிருந்ததாம். பிரித்துத் தைத்துவிட்டார்கள். ஆனால் நுரையீரலில் சளி குறையவில்லை. நாலு நாளாக மெஷினில்தான் மூச்சு. நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கி எனக்குக் கழுத்து திரும்பவில்லை. நம் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்க வந்த ஆட்கள் நான் இல்லாததால் திரும்பிப் போய்விட்டதாக உன் அம்மா சொன்னாள். போகட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது உன் ஆராய்ச்சி எலிக்குட்டிகளைப் பற்றிச் சொன்னாயே. மரபணு ஒன்று மாறினால் மூச்சுக்குழாயின் உள்தோல் உணவுக்குழாயினுடையதைப் போல வளர்ந்துவிடும், இரண்டு குழாயும் சரியாகப் பிரியாது, பிறந்த குட்டி நீலம் பாய்ந்து சில மணி நேரத்தில் போய்விடும் என்று. எலியைக் கொல்ல இவ்வளவு படிப்பா என்று கேலி செய்தேன். அந்த வாயில் இப்போது அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. குழந்தை பிறந்ததும் சித்ரா என் கையைப் பிடித்து, "நீ சர்க்கரைத் தண்ணி தொட்டு வைண்ணா, உன் பொறுமை அவனுக்கு வரட்டும்" என்றாள். டாக்டர் பார்க்கும்வரை வாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு சொட்டு வைத்தேன். சப்புக்கொட்டினான். இருவரும் சிரித்தோம். இன்னும் இரண்டு சொட்டு வைத்தேன். அப்புறம்தான் நுரை தள்ளி முகம் நீலமானது.

இங்கே டாக்டர் கேட்டபோது எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அதிலிருந்து நாங்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நேற்று மட்டும், "அஸ்வினி வளக்கிற எலி ஒண்ணாவது பொழைச்சுதாண்ணா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

பத்து மணிக்கு டாக்டர் வருவார். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். ஊரே பொறுமைசாலி என்கிற என்னால் ஒரு டாக்டர் வரும்வரை பொறுக்க முடியவில்லை.

நீ அத்தைக்கு மட்டும் ஒரு போன் செய். அந்தக் குழாய் அவள் வயிற்றிலேயே அப்படித்தான் உருவானது, அவள் கேட்டதால் வந்ததில்லை என்று சொல். உன் எலிக்குட்டிகளுக்கு யாரும் எதுவும் தொட்டு வைக்கவில்லையே அம்மா, அவையும் நீலம் பாய்ந்துதானே போயின? அதை அவளுக்குச் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. உன் கையில் ஒரு குட்டியாவது பிழைக்கட்டும்.

உன் அப்பா,
சீனுவாசன்