நான் கேட்காத அட்டை

இரண்டாம் மாடி நண்பனுக்கு,

நலமா? உன் காலி வீட்டுப் பால்கனியில் புறாக்கள் குடியேறிவிட்டன.

மக்கள் கிளர்ச்சிக்குப் பயந்து போலீஸ்காரர்கள் ஸ்டேஷனை விட்டு ஓடிய அந்த ஜனவரியில், நம் ஷுப்ரா பேட்டையின் தெருமுனையில் தெருக்காரர்கள் நாங்களே காவல் நின்றோம். நான் சமையலறைக் கத்தியோடு நின்றேன். நீ பைஜாமாவில் வந்தாய். "அடையாள அட்டையை எடுய்யா, என்ன வேலைன்னு பாக்கணும்" என்று கசாப்புக்கடை ரம்ஸி உன் சட்டையைப் பிடித்தான். அட்டையில் 'போலீஸ்' என்றிருப்பது எனக்குத் தெரியும்; அவர்கள் பார்த்தால் உன்னை உயிரோடு விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

"விடுடா, இவன் என் தம்பி. ரொட்டி சுடுறவன். உன் மூஞ்சிக்கு அதிகாரம் ஒரு கேடா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

பிறகு திருட்டு பெருகியது. போலீஸ்காரர்கள் நீங்கள் திரும்பி வந்தபோது தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது. நானும்தான்.

என் மகள் நெர்மீன் போன செவ்வாயன்று ஒரு பதாகையோடு ஊர்வலத்துக்குப் போனாள். அவளை உங்கள் போலீஸ் வண்டியில் ஏற்றினார்களாம். எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் அப்படி ஒருத்தி இல்லை என்கிறார்கள். அவள் அட்டை மேஜையிலேயே கிடந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னை வேறெதுவும் கேட்கவில்லை. நீ அவளைத் தேடும்போது யாரென்று அங்கே கேட்டால், அண்ணன் மகள் என்று சொல். அன்று தெருமுனையில் நான் சொன்ன அதே பொய்தான்.

நான்காம் மாடியிலிருந்து,
உன் அண்ணன்